மேசைக்காரியின் முகம்

எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிக்காமல் எங்கள் மேல்வீட்டுக்காரரால் ஒரு குவளைத் தேநீர்கூடப் பருக இயலாது. தேநீர் கொணர்பவர் முந்தைய மேசையில் வசவு வாங்கினாரா, உள்ளே அடுப்படியில் சண்டையா என்பதெல்லாம் குவளை கைக்கு வருமுன்பே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வாய்க்குள் வைத்திருக்கவும் வராது. "என்ன சேட்டா, ஊருலருந்து போன் வந்துச்சோ?" என்று கேட்பார். மலையாளத் தேநீர்க்கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்வார். தொலைபேசி வந்துதான் இருக்கும்.

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில், எங்களுக்கு நேர் மேல்தளத்தில் அவர் குடும்பம் இருந்தது. அவர், மனைவி, பத்தாம் வகுப்பில் பயிலும் மகள். அருப்புக்கோட்டைப் பக்கத்தவர். மின்விசிறியும் கம்பிச்சுருளும் மொத்த விலைக்கு விற்கும், துபாயின் தேராப் பகுதி நிறுவனமொன்றில் விற்பனையாளர். நான் ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு ஆசிரியன். வயதில் இருவரும் ஏறத்தாழ ஒன்றே.

முதன்முதலாக அவர் என்னோடு பேசியது மின்தூக்கிக்குள். நான் ஏறியபோது அவர் உள்ளே நின்று சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை ஏறிட்டார்.

"வீட்டுல தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லையா சார்?"

என் மனைவிக்கு முந்தைய நாள் முதல் காய்ச்சல். மாத்திரை வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தேன். அது சட்டைப்பைக்குள் இருந்தது. வெளியே தெரிய வழியில்லை.

"எவ்வாறு அறிந்தீர்கள்?"

"மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கே சார்."

"மின்தூக்கியில் ஏறும் ஒவ்வொருவரையும் இப்படித்தான் பார்ப்பீர்களா?"

"மின்தூக்கியா? லிஃப்டுன்னு சொன்னா மேல ஏறாதோ?" என்று சிரித்தார்.

அன்று மாலை அவர் மனைவி ஒரு தூக்குவாளியில் மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தார். நன்றியுடையவனாகத்தான் இருந்தேன். ஆயினும் அதன்பின் மின்தூக்கியில் அவரைக் கண்டால் என் பார்வை தானாகவே தள எண்கள் ஒளிரும் பலகைக்கு ஏறிவிடும். தட்டாமல் உள்ளே வருகிற மனிதரோடு எவ்வளவு நேரம்தான் நிற்பது?

அந்த வித்தை அவர் தொழிலுக்கு என்ன செய்தது என்பதை ஒருநாள் நேரில் கண்டேன். மேசை விசிறி வாங்கத் தேராவில் அவர் கடைக்குப் போயிருந்தேன். கூரை வரை அட்டைப்பெட்டி அடுக்கிய சிறிய கடை. வெள்ளை அங்கியணிந்த ஆப்பிரிக்க வணிகர் ஒருவர் சுவர் விசிறிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். பேரம் இழுபட்டது. முடிவில் அவர் "கலாஸ்", முடிந்தது, என்று கையை உதறிவிட்டு வெளியேறினார். உடன் பணியாற்றிய திருச்சூர்க்காரர் பதறி எழுந்தார்.

"அண்ணா, ஞான் போய் விளிக்கட்டே?"

"உக்காருய்யா. வெலையச் சொன்னதும் எச்சி முழுங்குனாரு பாத்தியா? பிடிச்சுப்போச்சு அவருக்கு. அந்தத் தெருமுக்கு வரைக்கும் போயிட்டு வருவாரு."

வணிகர் திரும்பி வந்தார். வந்தவரைக் கண்டு எனக்குச் சிரிப்பு முட்டியது. இவர் என் காதருகே குனிந்து, "சார், சிரிச்சிராதீக. அவரும் மூஞ்சி பாக்குற ஆளுதான்" என்றார்.

வெற்றியை அவர் நின்று நுகர்ந்ததில்லை. விற்பனைச்சீட்டு எழுதும்போதே கண் வாயிலில் அடுத்தவரைத் தேடும். நாற்காலியில் முழுமையாக அமர்ந்து அவரை நான் கண்டதில்லை. விளிம்பில் அமர்வார், முழங்கால் ஆடும், எழுந்து சன்னலருகே போவார், கீழே மணல்வெளியில் நிறுத்திய தம் வண்டி அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பார், மீண்டும் வந்து விளிம்பில் அமர்வார். முகம் பார்க்கக் கிடைக்காத இடத்தில் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

பள்ளியிலிருந்து வரும் மகள் வீட்டுக்குள் நுழையும்போதே புத்தகப்பையால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

"அப்பா, என் ஃபேஸைப் பாக்காதீங்க. நானே சொல்றேன்."

"சயின்ஸுல மார்க்கு கொறைஞ்சிருச்சு. அந்தக் கவலையில சமோசா தின்னுருக்க."

"அம்மா! அப்பா சீட்டிங்!"

அவருக்குப் பிடிபடாத முகம் ஒன்றே ஒன்று. "இவ மூஞ்சி மட்டும் எனக்கு வெளங்காது சார். பொண்ணு பாக்கப் போனன்னிக்கே வெளங்கல" என்று மனைவியைக் காட்டிச் சொன்னார். அந்த அம்மையார் அடுப்படியிலிருந்து திரும்பாமலேயே, "வெளங்கியிருந்தா அன்னிக்கே எந்திரிச்சு ஓடியிருப்பீக" என்றார்.

வாடகை ஆண்டுதோறும் ஏறிய காலம் அது. பள்ளித் தேர்வு முடிந்ததும் எங்கள் அடுக்ககத்திலிருந்து சில குடும்பங்கள் புறப்பட்டுவிடும். மனைவியும் மக்களும் விமானம் ஏறுவர். ஆடவர் மட்டும் பலர் பகிரும் அறையொன்றில் ஒரு கட்டிலுக்குக் குடிபெயர்வர். "ஃபேமிலிய அனுப்பிட்டாராம்" என்று அதைச் சொல்வார்கள். நோய்ச்செய்தி கூறும் குரலில்தான் சொல்வார்கள். அவ்வாண்டு அவர் கட்டடக் காவலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாடகை ஏறப்போகிறது என்று எங்களுக்கெல்லாம் முன்கூட்டி அறிவித்தார். ஒரு வாரத்துக்குள் கடிதம் வந்தது.

அவர் ஊதியத்தில் அந்த வாடகை இயலாது. வழி ஒன்றுதான் இருந்தது. நிறுவனம் கத்தாரின் தோஹாவில் புதிய கிளை திறக்கவிருந்தது. அதற்கு மேலாளராகிறவருக்கு நிறுவனமே வீடு கொடுக்கும், குடும்பத்தோடு போகலாம். இவரையோ திருச்சூர்க்காரரையோ அனுப்புவார்கள் என்று பேச்சு.

முதலாளி மும்பைக்காரர். எல்லோரும் அவரைச் சேட் என்றே அழைப்பர். நன்றாக விற்றவர்களை ஆண்டுக்கொருமுறை காட்மாண்டுவுக்கு அழைத்துச் சென்று, அங்கே ஒரு விடுதியின் சூதாட்டக்கூடத்தில் தம் இருபுறமும் அமர்த்திக்கொள்வது அவர் வழக்கம். பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளையும் அவரே வாங்கித் தருவார். ஓமானிலுள்ள சோஹார் கிளைக்கு மேலாளர் அமைந்தது அப்படியொரு மேசையில்தானாம். சட்டென்று தோற்று எழுந்து போகிறவர்களைச் சேட்டுக்குப் பிடிக்காதாம்.

அவ்வாண்டு அந்த அழைப்பு தமக்கும் வந்ததும், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் மேல்வீட்டுக்காரர் சீட்டுக்கட்டோடு என் கதவைத் தட்டினார்.

"நீங்க கணக்கு வாத்தியாருல்ல சார். இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பாருங்க. எனக்கு எதுக்க உக்காந்து போட ஆளு வேணும்."

சூதை வெறுப்பவன் நான். அதற்குள் இருக்கும் கணக்கை விரும்புபவனும் நானே. மேல்தளத்துக்கு ஏறிப்போனேன். வில்லைகளுக்குப் பதிலாகக் கொண்டைக்கடலை. "பூராத்தையும் கையில உருட்டி அழுக்காக்கிராதீக, நாளைக்குச் சுண்டலுக்கு வேணும்" என்று சொல்லிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார் அவர் மனைவி.

ஆட்டம் எளியது. ஆடுபவர் ஒரு தொகை வைப்பார். அவருக்கு மூன்று சீட்டு, விடுதியின் சார்பில் சீட்டுப் போடும் மேசைக்காரருக்கு மூன்று சீட்டு. இணை சேர்ந்த சீட்டு உயர்வு; இணை இல்லையேல் பெரிய சீட்டை முதலில், பிறகு அடுத்ததை ஒப்பிட்டு, உயர்ந்தது வெல்லும். ஆடுபவர் தம் சீட்டை மட்டும் பார்க்கலாம். நல்ல சீட்டென்று தோன்றினால் அதே தொகையை மீண்டும் கட்டித் தொடரலாம். இல்லையேல் கவிழ்த்துவிட்டு, வைத்ததை இழக்கலாம். அதன்பிறகே மேசைக்காரர் தம் சீட்டைத் திறப்பார். திறக்கும்வரை அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது.

இந்தக் கடைசிச் செய்திதான் அவருக்கு உள்ளே இறங்கவில்லை. ஊரில் நண்பரோடு மூன்று சீட்டு ஆடிப் பழகியவர். அங்கே கையில் ஒன்றுமில்லாதவன் ஏற்றிக் கட்டி, எல்லாம் உடையவனை ஓடச்செய்யலாம். எதிராளியின் கண்ணைப் பார்த்தே பாதி ஆட்டம் நடக்கும். விடுதியோடு ஆடும்போது எதிராளியென்று ஒருவரும் இல்லை. விதி இருக்கிறது, சீட்டு இருக்கிறது, அவ்வளவே. இதை நான் சொல்லும்போதெல்லாம் தலையசைப்பார். சீட்டுப் போட்டதும் கண் என் முகத்துக்கு ஏறிவிடும்.

"ஒங்ககிட்ட பெருசா இருக்கு சார். நான் கவுத்துர்றேன்."

"என்னிடம் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாதே ஐயா!"

"தெரியாட்டி என்ன? உள்ளுக்குள்ள ஒரு இது தோணும்ல, அது வெளிய வருது."

திறந்தேன். இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்றுக்கும் உதவாத சீட்டு. அவர் கவிழ்த்ததைத் திருப்பினால் இரண்டு ஏழுகள், நல்ல இணை.

"காலையில நாஷ்டா சாப்புடாம வந்திருக்கீக. அதான் மூஞ்சி மாறிக் காட்டுது" என்று பழியை என் வயிற்றின்மேல் போட்டார்.

எவ்வளவு சீட்டிருந்தால் தொடரலாம் என்பதற்கு ஒரு விதியை இணையத்தில் படித்து அவரே கொண்டுவந்தார். ராணி, ஆறு, நான்கு. அதுவோ அதற்கு மேலோ வந்தால் கட்டு. கீழே போனால் கவிழ். நான் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

"ஆனால் ஒன்று. இதை வழுவாமல் கடைப்பிடித்தாலும் நீங்கள் தோற்கத்தான் செய்வீர்கள். மெல்லத் தோற்பீர்கள்" என்றேன்.

"மெல்லத் தோத்தாப் போதும் சார். சேட்டு பக்கத்துல ரொம்ப நேரம் உக்காந்திருக்கணும்ல. அதுக்குத்தான இம்புட்டும்."

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் அவரால் இயலவில்லை. வாய்ப்பாடு போல "ராணி, ஆறு, நாலு" என்று முணுமுணுப்பார். என் கன்னம் அசையும். விதி காற்றில் போகும். நான் முகத்தை உறையவைத்துப் பார்த்தேன். "மறைக்கிறீக பாருங்க, அப்ப என்னமோ இருக்கு!" என்றார். எழுவார், சன்னலுக்குப் போவார், வருவார். எனக்கே தலை சுற்றியது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஒருநாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் எந்திரிங்க."

என் நாற்காலியில் அமர்ந்து சீட்டைக் கலைத்தார், போட்டார். கணவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே" என்றார்.

"இருந்தாத்தான தெரியும்? கையில இருக்குறதப் பாருங்க."

வேறு வழியின்றி அவர் தம் சீட்டைப் பார்த்தார். ராணி, ஒன்பது, மூன்று. கட்டினார். ஏதோ ஆழத்துக்குள் காலை விடுகிறவர் போலக் கட்டினார். அந்த ஆட்டத்தில் தோற்றார். ஆனால் விதிப்படி தோற்றார். முற்பகல் முடிவதற்குள் நிமிர்வது குறைந்தது. அம்மையார் சோற்றை இறக்கிவைத்துவிட்டு வந்து மறுபடியும் சீட்டுப் போட்டார்.

அதன்பின் நான் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எப்போதேனும் மேலே போனால், இருவரும் எதிரெதிரே அமர்ந்திருப்பர். அவர் நாற்காலியின் முதுகில் சாய்ந்து, குனிந்த தலையோடு அமைதியாக ஆடிக்கொண்டிருப்பார். வழியனுப்ப வாயில்வரை வந்த அம்மையார் ஒருமுறை தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்:

"இது போதுமாண்ணே? தோஹா கெடைச்சிருமா? பாப்பாவுக்கு அங்க ஸ்கூல்ல எடம் கேட்டு வச்சிருக்கேன். அவகிட்டயும் இவககிட்டயும் சொல்லல."

அந்த முகத்தில் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. கதவின் கைப்பிடியை மட்டும் விடாமல் பற்றியிருந்தார்.

கணவரிடம் வேறொரு மாற்றமும் வந்தது. மின்தூக்கியில் இப்போது தள எண்களைப் பார்ப்பவர் அவர். தேநீரை வாங்கினால் பேசாமல் பருகுவார். கடைக்காரரே என்னிடம், "புள்ளிக்காரனுக்கு எந்து பற்றி சாரே?" என்று, அவருக்கு என்ன ஆயிற்றெனக் கவலையோடு கேட்டார். மகள் ஒருநாள் முகத்தை மறைக்காமல் வந்து எதிரே நின்றாள்.

"கெஸ் பண்ணுங்கப்பா."

"நீயே சொல்லும்மா."

அவள் என்னையும் தாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவரிடமிருந்து தப்பிவிட்ட நிம்மதி எனக்கு இருந்திருக்க வேண்டும். மாறாக, காலடியில் தரை சமமாக இல்லை என்பதுபோலவே இருந்தது.

காட்மாண்டுவில் நிகழ்ந்ததை அவரே வந்து கூறினார். அமரச் சொன்னேன், அமரவில்லை. என் கூடத்தின் நடுவே நின்றபடி கூறினார். பின்னாலேயே இறங்கி வந்த அவர் மனைவி வாயிலிலேயே நின்றுவிட்டார்.

சேட் நடுவில். ஒருபுறம் இவர், மறுபுறம் திருச்சூர்க்காரர். எதிரே சீட்டுப் போட்டவள் கறுப்பு மேலங்கி அணிந்த நேபாளத்து இளம்பெண். இவர் அவளை ஏறிடவே இல்லை. ராணி, ஆறு, நான்கு. கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்தார், கட்ட வேண்டியதைக் கட்டினார். வில்லைகள் மெல்லவே கரைந்தன. மற்ற விற்பனையாளர்கள் ஒவ்வொருவராகத் தோற்று எழுந்தனர். சேட் இவர் தொடையில் தட்டி, "பைட்டோ, பைட்டோ" என்று, இன்னும் அமரச்சொல்லி மகிழ்ந்தார். அந்த நேரத்தில் இவருக்குத் தோஹா வீட்டின் சன்னல்கூடத் தெரிந்ததாம்.

"அப்புறம் சேட்டு பெருசா ஒண்ணு வச்சாரு சார். சீட்டு வந்துச்சு. எங்கிட்ட காட்டுனாரு. ராணி, அஞ்சு, மூணு."

"விதிக்குக் கீழே."

"நூல் அளவு கீழ. சேட்டு எங்கிட்ட சாஞ்சு, 'அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துச் சொல்லு. கடையில நீ சொல்றதெல்லாம் பலிக்குமாமே, அதுக்குத்தான் உன்னையப் பக்கத்துல வச்சிருக்கேன்'னாரு. கண்ணெல்லாம் சிரிப்பு, சின்னப்புள்ள மாதிரி."

"நீங்கள்?"

"உள்ளதச் சொன்னேன். 'சேட், அந்தப் பொண்ணுக்கே என்ன சீட்டுன்னு தெரியாது. மூஞ்சில ஒண்ணும் இல்ல. இது கவுக்குற சீட்டு, கவுத்திருங்க'ன்னேன்."

சேட்டின் சிரிப்பு நின்றது. அவர் திருச்சூர்க்காரர் பக்கம் திரும்பினார். அவர் அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "பயப்படுறா சேட். யல்லா, கட்டுங்க!" என்றார். சேட் கட்டினார். அவள் திறந்தாள். ராஜா இணை.

"தோத்துட்டாரு சார். நான் சொன்னதுதான் சரி. ஆனா அவரு தோத்துட்டு எப்பிடிச் சிரிச்சாருங்கிறீக! அவன் முதுகுல ஓங்கித் தட்டி, ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சாக. அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன்கிட்டத்தான் கேட்டாரு. அவன் சொல்லச் சொல்ல இவரு தோத்தாரு. முடிஞ்சதும் அவன் தோள்ல கையப் போட்டுக்கிட்டுச் சாப்புடப் போயிட்டாரு. நான் மேசையிலயே உக்காந்திருந்தேன். எங்கிட்ட வில்லை மிச்சம் இருந்துச்சு சார்."

தோஹா திருச்சூர்க்காரருக்கு. விமானத்திலேயே சொல்லிவிட்டார்களாம்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்து நின்றார். வாயிலிலிருந்து அந்த அம்மையார் கூறினார்:

"சரியாத்தான சொல்லியிருக்கீக." பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க வீட்டுல காலி அட்டைப்பெட்டி கெடந்தாக் குடுங்க" என்றார்.

தேர்வு முடிந்த வாரத்தில் தாயும் மகளும் ஊருக்குப் புறப்பட்டனர். விமான நிலையத்துக்கு நானும் உடன் சென்றேன். அம்மையார் கணவரிடம் எந்தக் கறிப்பொடி எந்தப் புட்டியில் இருக்கிறது என்பதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் உள்ளே போய்க் கடவுச்சீட்டு வரிசையில் நின்றார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நாங்கள். எங்களைச் சுற்றிலும் கையசைக்கும் ஆடவர் கூட்டம். வரிசை நகர்ந்தது. மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டைக்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு திரும்பி, வாய்நிறையச் சிரித்து, இரண்டு கைகளையும் ஆட்டினாள். அப்புறம் இருவரும் மறைந்துவிட்டனர்.

அவர் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"சார், பாப்பா சிரிச்சாளே. சந்தோசமாத்தான் சிரிச்சாளா?"

என்னிடம் அவர் இப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல சார். நீங்க பாத்தீகள்ல?"

"பார்த்தேன். மகிழ்ச்சியாகத்தான் சிரித்தாள்" என்றேன்.

அவர் மெல்லத் திரும்பி என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அந்த நெரிசலில் வேறெங்கும் பார்க்க எனக்கு இடமில்லை. நெடுநேரம் பார்த்தார்.

"சரி, வாங்க போவோம்" என்றார்.